பட்டப்பெயரும் தஞ்சமும்: ஷோபாசக்தியின் ‘கொரில்லா’



ஈழத்து நாவல்களில் துயரம் நிறைய உண்டு, சிரிப்புக் குறைவு. இரண்டையும் ஒன்றாகத் தந்து நம்மைச் சங்கடப்படுத்தும் நாவல் ஒன்றைப் பற்றி இன்று சொல்லலாமென எண்ணுகிறேன். ஷோபாசக்தி எழுதி 2001இல் வெளிவந்த ‘கொரில்லா’ அது.

ஷோபாசக்தி, யாழ்ப்பாணத் தீவகத்தின் அல்லைப்பிட்டியில் பிறந்தவர். இளவயதில் விடுதலைப் புலிகள் இயக்கத்தில் சேர்ந்து, பின் விலகி, 1993இல் பிரான்சை அடைந்தவர். 2015இல் கான் விழாவில் முதற்பரிசு பெற்ற ‘தீபன்’ படத்தின் நாயகனும் அவரே.

நாவலின் நாயகன் ரொக்கிராஜ். தகப்பன் ஊர்ச் சண்டியர். ஊரார் வைத்த பட்டம் ‘கொரில்லா’. தகப்பனிடமிருந்து தப்பப் பையன் இயக்கத்துக்குப் போகிறான். தகப்பனின் பட்டமோ அவனை விட்டபாடில்லை. கெரில்லாவாகப் போனவன் கொரில்லாவாகவே நிற்கிறான். ஓரெழுத்து வேறுபாட்டில் ஒரு வாழ்வே கேலியாகி விடுகிறது.

பின்பு பாரிஸ், அகதி விண்ணப்பம். விண்ணப்பத்துக்கு ஆண்டு, இடம், காயம் யாவும் வரிசையாக வேண்டும். பட்ட துன்பம் அப்படி வரிசையில் வருவதில்லை. உண்மையைச் சொல்பவனும் அதை நம்பும்படி ‘கதை’யாக்க வேண்டியிருக்கிறது. இந்த அபத்தம் நமக்குப் புதிதல்ல. 1990களில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை லொட்ஜுகளில், பொலிஸ் பதிவுத் துண்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஏஜென்சிக்காரரின் அழைப்புக்குக் காத்திருந்த இளைஞர்கள் எத்தனை பேர்!

‘உயிர் கொடுத்தவர்கள் இருக்க, இப்படிச் சிரிக்கலாமா?’ என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் இச்சிரிப்பு இறந்தவர்கள் மீது விழுவதில்லை. வீடு, இயக்கம், அந்நிய அரசு ஆகிய மூன்றிடமும் ஒருவன் ஒதுங்க இடம் கேட்கிறான். மூன்றுமே, ‘முதலில் நான் சொல்கிற ஆளாக மாறு’ என்கின்றன. சிரிப்பு விழுவது அந்த நிபந்தனையின் மீதுதான். அழுகையாக மட்டும் எழுதியிருந்தால் நாம் இரக்கப்பட்டுவிட்டு நகர்ந்திருப்போம். சிரித்துவிட்டதால், ஊரில் நாமும் யாருக்கு என்ன பட்டம் வைத்தோம் என்று யோசிக்க வேண்டியதாகிறது.

அனுஷியா ராமசாமியின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2008இல் வந்தது. எனினும் தீவுப் பேச்சின் குத்தலும் கிண்டலும் தமிழில்தான் முழுமையாகக் கேட்கும். கிடைத்தால் தமிழிலேயே வாசியுங்கள்.