முதலில் வெளிச்சம், கடைசியில் கேமரா

முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்



வீடியோ படப்பிடிப்புக்குக் கேமரா, பதிவுச் சாதனம், விளக்கு ஆகியவற்றை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். பின்னலாடை படிக்கிற காலேஜில் கேமரா பேச்சு எதற்கு என்று சிலருக்குத் தோன்றலாம். 1997-இல் திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கம் இந்தக் கல்லூரியைத் தொடங்கிய காலத்தில், பையர் முதலில் பார்ப்பது கூரியரில் போன சாம்பிளைத்தான். இன்றைக்கும் சாம்பிள் கூரியரில்தான் போகிறது. ஆனால் பல நேரம் அதற்கு முன்பே ஒரு வீடியோ போய்ச் சேர்ந்துவிடுகிறது. 2020-இல் கொரோனாவால் பையர்கள் நேரில் வர முடியாமல் போனபின் இந்தப் பழக்கம் வேகமாக வளர்ந்தது. எனவே வீடியோ எடுப்பதும் இன்று நம் தொழிலில் ஒரு பகுதி.

இந்த முதலிபாளையம் சிட்கோ பக்கம் எந்தக் கம்பெனிக்குப் போனாலும், யாராவது ஒரு தம்பி வந்து, "அண்ணா, எந்தக் கேமரா வாங்கறதுங்க? மூணு லட்சம் வரைக்கும் லோன் கிடைக்குதுங்க" என்று கேட்பதுண்டு. நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "லைட்டு என்ன வெச்சிருக்கீங்க?" பெரும்பாலும் பதில் வராது. அந்தப் பதில் வராத இடத்தைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். கடன் வாங்கித் தொழில் தொடங்குகிற பிள்ளைகளின் பணம் சரியான இடத்தில் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் என் கவலை.

முதலில் வெளிச்சம். இதில் உங்களுக்கு வெளியாட்களைவிட ஒரு அனுகூலம் உண்டு. லைட் பாக்ஸ் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். டி.65 விளக்கில் ஒன்றாகத் தெரிந்த இரண்டு துணிகள், டி.எல்.84 விளக்கில் வெவ்வேறாகத் தெரிவதை லேபில் பார்த்திருப்பீர்கள். அதே சங்கதிதான் கேமராவுக்கும். துணியிலிருந்து திரும்பி வருகிற வெளிச்சத்தைத்தான் லென்ஸ் வாங்குகிறது. விளக்கில் இல்லாத நிறத்தைத் துணி திருப்பித் தராது. எத்தனை லட்சத்துக் கேமராவானாலும் அதைப் பதிவு செய்ய முடியாது.

எல்.இ.டி. விளக்கு வாங்கப் போனால் கடைக்காரர் "சி.ஆர்.ஐ. 95 இருக்குங்க" என்பார். நல்லதுதான். ஆனால் அந்த எண், வெளிறிய 8 நிறங்களை வைத்துக் கணக்கிட்ட சராசரி. அழுத்தமான சிவப்பு அந்த எட்டில் இல்லை. ஆர்9 என்று தனியாகக் குறிப்பிடுவார்கள். சிவப்பு, மெரூன் டீ-ஷர்ட் எடுக்க வேண்டியவர்கள் ஆர்9 எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள். அது குறைவாக இருந்தால் மெரூன் பழுப்படித்து நிற்கும்.

வெள்ளைத் துணியிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நம் ஊர் பளீர் வெள்ளைக்குக் காரணம், பிளீச்சிங்கில் சேர்க்கிற பிரைட்னர். அது புற ஊதாக் கதிரை வாங்கி நீலமாகத் திருப்பித் தருகிறது. சாதாரண எல்.இ.டி. விளக்கில் புற ஊதா அநேகமாக இல்லை. அதனால் வெயிலில் பளிச்சென்ற துணி, ஸ்டூடியோவில் சற்று மங்கலாக நிற்கும். துணியைக் குறை சொல்வதற்கு முன் விளக்கைப் பாருங்கள்.

அடுத்தது விளக்கை எங்கே வைப்பது. நேர் முன்னால் வைத்தால் ரிப், வாஃபிள் போன்ற பின்னல்களின் மேடு பள்ளம் மறைந்து துணி தட்டையாகிவிடும். பக்கவாட்டில் சாய்வாக வைத்தால் ஒவ்வொரு கண்ணியும் எழுந்து நிற்கும். கறுப்புத் துணிக்குப் பெரிய, மென்மையான வெளிச்சம் வேண்டும். வெளுத்த வெள்ளைத் துணியை ஒரு சட்டத்தில் இழுத்துக் கட்டி விளக்குக்கு முன்னால் நிறுத்தினால் போதும். திருப்பூரில் அதற்குப் பஞ்சமா என்ன! ஆனால் வெளுக்காத கோராத் துணி வேண்டாம், படம் முழுக்க மஞ்சள் ஏறிவிடும். விளக்கை இரண்டு மடங்கு தள்ளி வைத்தால் வெளிச்சம் பாதியாகாது, ஏறத்தாழ கால் பங்காகிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பழைய ஹாலஜன் விளக்கைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கல்யாண வீடுகளில் 1000 வாட் விளக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு பையன் கேமராமேன் பின்னால் ஓடுவதைப் பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். அதன் நிறத்தில் குறையில்லை, சூட்டில்தான் ஆபத்து. நிட்டிங் ஷெட்டில் பஞ்சுத் தூசி காற்றிலும் பறக்கும், ஸ்டாண்டிலும் படியும். அங்கே கொதிக்கிற விளக்கைக் கொண்டுபோவது நெருப்பை அழைத்துப் போவதற்குச் சமம். அப்படி 4 விளக்கு போட்டால் 4000 வாட். 230 வோல்ட்டில் 17 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 16 ஆம்பியர் பிளக் ஒன்று தாங்காது. 200 வாட் எல்.இ.டி. மூன்று வைத்தால் 600 வாட்டோடு முடிந்தது. உள்ளே வேலை செய்கிறவர்களின் உயிர் முக்கியம். இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

இனி கேமரா. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் டியூப்லைட் போன்ற விளக்குகள் வினாடிக்கு 100 முறை ஏறி இறங்குகின்றன. ஷட்டரை 50-இல் ஒரு வினாடி அல்லது 100-இல் ஒரு வினாடி என்று வையுங்கள். வினாடிக்கு 25 ஃபிரேம் எடுங்கள். 60-இல் ஒரு வினாடி வைத்தால் திரையில் பட்டை பட்டையாக ஓடும். செல்ஃபோனில் எடுத்தாலும் இதே விதிதான். மலிவான எல்.இ.டி.யை மங்கலாக்கினால் அதுவும் துடிக்கும். வாங்குவதற்கு முன் கடையிலேயே கேமராவில் பார்த்துவிடுங்கள்.

நம் துணிக்கு என்றே இருக்கிற தலைவலி, அலை அலையாக ஓடும் மொய்ரே. ஏன் வருகிறது? ஒரு சிங்கிள் ஜெர்சி துணியில் அங்குலத்துக்கு 30 கண்ணி வரிசை என்று வைத்துக்கொள்வோம். மார்பு அகலம் 20 அங்குலம் என்றால் மொத்தம் 600 வரிசை. ஒரு வரிசையைப் பிரித்துக் காட்டக் குறைந்தது 2 புள்ளி வேண்டும். ஆக 1200 புள்ளி. ஃபுல் ஹெச்.டி. படத்தின் மொத்த அகலமே 1920 புள்ளிதான். சட்டை அதில் மூன்றில் ஒரு பங்கு இடத்தை எடுத்தால் கிடைப்பது 640. கண்ணிக்கும் புள்ளிக்கும் கணக்கு ஒத்துப்போகாமல், துணியில் இல்லாத கோடுகள் படத்தில் முளைக்கின்றன. பையர் அதைப் பார்த்து, துணியில்தான் பட்டை விழுந்திருக்கிறது என்று நினைக்க இடமுண்டு. கிட்டே போய் எடுங்கள், கோணத்தைச் சற்றே மாற்றுங்கள், 4கே-யில் எடுங்கள். சென்சாரின் எல்லா வரிகளையும் படிக்கிற கேமராவா என்று விசாரியுங்கள். 2008-இல் வந்த கேனன் 5டி மார்க் 2, வீடியோ உலகத்தையே புரட்டிப்போட்ட கேமரா. அதுவே வரிகளைத் தாண்டித் தாண்டிப் படித்ததால் மொய்ரே தொல்லைக்குப் பேர்போனது.

அடுத்து நிறப் பதிவு. 8 பிட் என்றால் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படி. 10 பிட் என்றால் 1024 படி. 4:2:0 முறையில் நிறத் தகவல், வெளிச்சத் தகவலில் கால் பங்குப் புள்ளிகளுக்குத்தான் பதிவாகிறது. வெள்ளை டீ-ஷர்ட்டின் கழுத்தில் சிவப்புப் பைப்பிங் வைத்து எடுத்துப் பாருங்கள். ஓரம் கசிந்தது போலிருக்கும். 4:2:2 முறையில் அது எவ்வளவோ குறையும். ஆகவே துணி எடுக்கிறவர்கள், பின்னணி எவ்வளவு மங்குகிறது என்பதைவிட 10 பிட், 4:2:2 இருக்கிறதா என்று பாருங்கள். பின்னணி மங்குவது சினிமாவுக்கு அழகு. நமக்கு ஓவர்லாக் தையல் முதல் பட்டன் வரை தெளிவாகத் தெரிய வேண்டும். லென்ஸை எஃப் 5.6-க்குச் சுருக்க வேண்டும். அதற்கு வெளிச்சம் அதிகம் வேண்டும். பார்த்தீர்களா, மறுபடியும் விளக்குக்கே வந்துவிட்டோம்.

ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். எவ்வளவு நன்றாக எடுத்தாலும் வீடியோவை வைத்து ஷேடு அப்ரூவல் வாங்காதீர்கள், கொடுக்காதீர்கள். பையர் எந்தத் திரையில் பார்க்கிறார் என்பது நம் கையில் இல்லை. லேப் டிப்பும் லைட் பாக்ஸும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். பல டன் துணியைச் சாயம் போட்டுவிட்டு, "வீடியோவில் வேறு மாதிரி இருந்ததே" என்ற பேச்சு வந்தால் யார் தாங்குவது?

கடைசியாகப் பதிவுச் சாதனம். 1982-இல் பீட்டாகேம், 1986-இல் பீட்டாகேம் எஸ்.பி., 1995-இல் டி.வி. டேப் என்று வந்தன. டேப் காலத்தில் நம் ஊர்ப் பஞ்சுத் தூசி ஹெட்டில் படிந்தால் படம் சிதறும். மெமரி கார்டில் அந்தப் பயம் இல்லை. வேறு பயம் இருக்கிறது. கேமராக்காரர்கள் மெகாபிட்டில் சொல்வார்கள், கார்டுக்காரர்கள் மெகாபைட்டில் சொல்வார்கள். 8 மெகாபிட் சேர்ந்தது 1 மெகாபைட். 100 மெகாபிட் பதிவுக்கு வினாடிக்கு 12.5 மெகாபைட் போதும். வி30 என்று அச்சிட்ட கார்டு குறைந்தது 30 மெகாபைட் எழுதும், தாராளம். 400 மெகாபிட் என்றால் 50 மெகாபைட். அதற்கு வி60 வேண்டும். 64 ஜி.பி. கார்டில் 100 மெகாபிட் பதிவு சுமார் 85 நிமிடம் பிடிக்கும். விலை மலிவு என்று போலிக் கார்டை வாங்கிவிடாதீர்கள். வாய்ப்பிருந்தால் இரண்டு கார்டில் ஒரே நேரத்தில் எழுதுகிற கேமராவாகப் பாருங்கள். படப்பிடிப்பு முடிந்ததும் 3 பிரதி, 2 வகைச் சாதனம், அதில் 1 பிரதி வேறு கட்டடத்தில். இது நடந்து முடிகிற வரை கார்டை அழிக்கக் கூடாது.

முன்னாள் மாணவ நண்பர்களுக்கு இங்கே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில், கம்பெனி அலமாரியில் பழைய வி.ஹெச்.எஸ். கேசட்டுகள் இருக்கும். முதல் மெஷின் வந்து இறங்கிய நாள், முதல் கண்டெய்னர் கிளம்பிய நாள், அப்பா அம்மாவின் கல்யாணம் என்று எதுவாகவும் இருக்கலாம். டேப்பில் பூஞ்சை பிடித்துக்கொண்டிருக்கிறது. ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் நிறுத்தியதோடு வி.சி.ஆர். உற்பத்தியே உலகத்தில் முடிந்துபோனது. ஓட்டிப் பார்க்க மெஷின் இருக்கும்போதே அவற்றைக் கணினிக்கு மாற்றிவிடுங்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது எடுத்த காட்சிகள் யாரிடமாவது இருந்தால், அவற்றையும் இரண்டாவது பிரதி எடுத்து வையுங்கள். ஊர் பட்ட பாட்டுக்கு அவையெல்லாம் சாட்சி.

தம்பி தங்கைகளே, மூன்று லட்சம் லோன் என்றால் அதை முழுவதும் கேமராவில் கொட்டாதீர்கள். நிறம் மாறாத விளக்கு இரண்டு மூன்று, அசையாத ட்ரைபாட், மெஷின் சத்தத்திலும் பேச்சை வாங்குகிற காலர் மைக், நம்பகமான கார்டுகள் – இவற்றை முதலில் வாங்குங்கள். கேமராவை ஆரம்பத்தில் கோயம்புத்தூரிலிருந்து வாடகைக்கு எடுங்கள். நாலு வேலை முடித்தால் உங்களுக்கு எந்தக் கேமரா தேவை என்பது தானே தெரிந்துவிடும். கேமரா சில வருடத்தில் பழசாகும். நல்ல விளக்கும் ட்ரைபாடும் அதன்பிறகும் உழைக்கும்.

சாம்பிள் ரூமில் ஓய்வு நேரத்தில் ஒரு மெரூன் துணி, ஒரு வெள்ளைத் துணி, ஒரு கறுப்பு ரிப் எடுத்துக்கொண்டு, நாளைக்கே செல்ஃபோனில் எடுத்துப் பழகுங்கள். சந்தேகம் வந்தால் சங்கத்தின் மூலம் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.