மனம் வருந்தினால் மட்டும் போதுமா?
யோகினென் விசாரணையும் இன்றைய கடமையும்

(கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இனவெறி என்றதும் அமெரிக்காவும் தென்னாப்பிரிக்காவும்தான் இந்தியாவில் பலருக்கும் நினைவுக்கு வருகின்றன. தென்னாப்பிரிக்காவில் இந்திய வம்சாவளியினர் ஒடுக்கப்படுவதை 1946-லேயே ஐக்கிய நாடுகள் சபையில் எழுப்பிய நாடு இந்தியா. அதில் பெருமை கொள்வது நியாயமே. ஆனால் அந்தப் பெருமையே சொந்த வீட்டின் நோயைக் காணவிடாமல் மறைக்கும் திரையாகவும் ஆகிவிட்டது.

2014 ஜனவரி இறுதியில், அருணாச்சலப் பிரதேசத்தைச் சேர்ந்த நிடோ தானியா என்ற மாணவர் தில்லி லஜ்பத் நகரில் தாக்கப்பட்டார். அவரது தலைமுடியையும் தோற்றத்தையும் கேலி செய்ததில் தொடங்கிய தகராறு அது. மறுநாள் அவர் உயிர் பிரிந்தது. அதற்கு முன், 2012 ஆகஸ்டில் வதந்திகளால் அச்சுறுத்தப்பட்ட வடகிழக்கு மாநிலத் தொழிலாளர்களும் மாணவர்களும் பெங்களூருவிலிருந்து சிறப்பு ரயில்களில் ஆயிரக்கணக்கில் வெளியேறினர். 2017 மார்ச்சில் கிரேட்டர் நொய்டாவில் ஆப்பிரிக்க மாணவர்கள் கும்பல் தாக்குதலுக்கு ஆளாயினர். 2020-இல் கொரோனா பரவியபோது, வடகிழக்கு மக்களை அந்த நோயின் பெயராலேயே அழைக்கும் இழிசெயல் பல நகரங்களில் நடந்தது.

இவற்றைக் கேட்கும் ஒரு கட்சி உறுப்பினர் வேதனைப்படுவார்; கண்டன ஆர்ப்பாட்டத்துக்கும் வருவார். கேள்வி அதற்கு அடுத்த கட்டத்தைப் பற்றியது. அவரது தொழிற்சங்க அலுவலகத்தில், அவர் குடியிருக்கும் தெருவில், அவர் வாயிலிருந்து வரும் சொல்லில் அந்த வேதனை எப்படி வெளிப்படுகிறது? ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன் அமெரிக்கக் கம்யூனிஸ்ட் கட்சி இதே கேள்வியைத் தன் உறுப்பினர் ஒருவரை முன்னிறுத்திப் பகிரங்கமாகக் கேட்டது. அந்த வரலாறு இந்தியத் தோழர்களுக்கும் பாடமாகும்.

ஹார்லெமில் நடந்த விசாரணை

நியூயார்க் நகரின் ஹார்லெம் பகுதி பெரும்பான்மையாகக் கறுப்பின மக்கள் வாழ்ந்த இடம். பின்லாந்திலிருந்து குடியேறிய தொழிலாளர்களும் அங்கு ஒரு மன்றம் வைத்திருந்தனர். கட்சியின் செல்வாக்கு மிகுந்த மன்றம் அது. அங்கு நடந்த ஒரு நடன நிகழ்ச்சிக்குக் கறுப்பினத் தொழிலாளர்கள் மூவர் வந்தனர். அவர்களை யாரும் வரவேற்கவில்லை. ஒரு மூலையில் ஒதுக்கப்பட்டனர். வெளியே தள்ளிவிடுவோம் என்றும் மிரட்டப்பட்டனர். அங்கிருந்த கட்சி உறுப்பினர்கள் வாய்மூடி நின்றனர்.

கட்சி இதை விசாரித்தது. மற்றவர்கள் தவறை ஒப்புக்கொண்டனர். மன்றத்தின் பராமரிப்புத் தொழிலாளியான ஆகஸ்ட் யோகினென் மட்டும் நடந்ததை நியாயப்படுத்தினார். அவர்களை நடனத்துக்கு அனுமதித்தால் நாளை மன்றத்தின் குளியலறைக்கும் வருவார்கள். கறுப்பினத்தவரோடு சேர்ந்து குளிக்கத் தமக்கு விருப்பமில்லை என்பது அவர் வாதம். தண்ணீரில் தீட்டுப் பார்க்கும் இந்தப் பேச்சு இந்தியாவுக்குப் புதியதன்று. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்புதான், 1927 மார்ச்சில், மகாட் நகரின் பொதுக் குளத்தில் தண்ணீர் எடுக்கும் உரிமைக்காக அம்பேத்கர் தலைமையில் தலித் மக்கள் அணிதிரண்டிருந்தனர்.

யோகினென் முதலாளி அல்லர். ஆங்கிலத்தில் தம் நிலையை விளக்கக்கூட இயலாத ஒரு குடியேறிய உழைப்பாளி. அயலான் என்று தாழ்த்தப்பட்ட ஒருவரே, தம்மினும் தாழ்த்தப்பட்டவரைக் கண்டு விலகி நின்றார் என்பதுதான் கவனிக்க வேண்டியது. சுரண்டப்படுபவர் என்பதாலேயே ஒருவர் இனவெறியிலிருந்து விடுபட்டுவிடுவதில்லை. கட்சி அட்டையும் அந்த விடுதலையைத் தந்துவிடாது.

1931 மார்ச் 1 அன்று ஹார்லெம் கேசினோ அரங்கில் சுமார் 1,500 பேர் முன்னிலையில் தொழிலாளர் விசாரணை நடைபெற்றது. 113 அமைப்புகளிலிருந்து 211 பிரதிநிதிகள் வந்திருந்தனர். நடுவர் குழுவில் 14 பேர்: வெள்ளையர் எழுவர், கறுப்பினத்தவர் எழுவர். குற்றம் சாட்டி வாதாடியவர் கிளாரன்ஸ் ஹாத்தவே என்ற வெள்ளையர். யோகினெனுக்காக வாதாடியவர் பார்படோஸ் தீவில் பிறந்த ரிச்சர்ட் மூர் என்ற கறுப்பினத் தோழர்.

இந்த ஏற்பாட்டில் ஆழ்ந்த அரசியல் இருந்தது. வெள்ளை இனவெறியை எதிர்க்கும் முதல் பொறுப்பு வெள்ளைத் தொழிலாளியுடையது. அவமதிக்கப்பட்டவரே வந்து முறையிடும்வரை காத்திருக்கக் கூடாது என்பதைக் குற்றம் சாட்டியவரின் நிறமே உணர்த்தியது. வெள்ளைத் தோழர்களின் செயல் இவ்வாறு இருக்கும்வரை கறுப்பினத் தொழிலாளர்கள் கட்சியை எப்படி நம்புவார்கள் என்பது ஹாத்தவே முன்வைத்த கேள்வி. குற்றத்தை மறுக்காத மூர், அந்த நஞ்சை ஊட்டி வளர்த்த முதலாளித்துவ அமைப்பே முதல் குற்றவாளி என்று எடுத்துக்காட்டி, தண்டனையில் கனிவு கோரினார். இருவர் வாதமும் சேர்ந்ததே முழு உண்மை. அமைப்பைக் காரணம் காட்டித் தனிமனிதர் தப்பிவிட முடியாது. தனிமனிதரைத் தண்டித்துவிட்டு அமைப்பை மறந்துவிடவும் முடியாது.

யோகினென் தம் தவறை ஒப்புக்கொண்டார். நடுவர் குழு அவரைக் கட்சியிலிருந்து நீக்கியது. ஆனால் திரும்பி வரும் வழியையும் திறந்து வைத்தது. விசாரணையைப் பற்றி அவர் தம் சொந்த மன்றத்தில் அறிக்கை அளிக்க வேண்டும். கறுப்பின உரிமைகளுக்காகப் போராடும் அமைப்பில் சேர வேண்டும். அதன் பத்திரிகையை விற்க வேண்டும். கறுப்பினத்தவரை அனுமதிக்காத ஹார்லெம் உணவகம் ஒன்றின் முன் ஆர்ப்பாட்டத்தை முன்னின்று நடத்த வேண்டும்.

இந்தத் தீர்ப்பில் "மனம் வருந்துக" என்ற கட்டளை இல்லை. கொடுக்கப்பட்டவை அனைத்தும் வேலைகள். அதுவும் பழைய நண்பர்களின் முகத்துக்கு நேரே செய்ய வேண்டிய வேலைகள். மனமாற்றம் வேலையின் வழியாக வரும் என்று அந்தத் தொழிலாளர்கள் கருதினர்.

மறுநாளே குடியேற்றத் துறை யோகினெனைக் கைது செய்தது. நாடுகடத்தும் உத்தரவை 1932-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் உறுதி செய்தது. கறுப்பினத்தவரை ஒதுக்கிய யோகினெனால் அரசுக்குத் தொல்லை இருக்கவில்லை. இனவெறியை எதிர்ப்பதாக உறுதியளித்த யோகினென்தான் அதற்கு ஆபத்தானவராகத் தெரிந்தார்.

சொல் செயலானது

அந்த விசாரணை வெறும் நாடகமா என்பதைக் காலம் உடனே சோதித்தது. 1931 மார்ச் 25 அன்று, அலபாமா மாநிலத்தில் சரக்கு ரயிலில் பயணம் செய்த ஒன்பது கறுப்பின இளைஞர்கள், இரண்டு வெள்ளைப் பெண்களை வல்லுறவு செய்ததாகப் பொய்க் குற்றச்சாட்டில் கைது செய்யப்பட்டனர். ஸ்காட்ஸ்பரோ நகரில் சில நாட்களிலேயே விசாரணை முடிந்து, எட்டுப் பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. ஒன்பதாமவர் சிறுவர்.

கம்யூனிஸ்டுகள் தலைமையிலான சர்வதேசத் தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பு வழக்கைக் கையிலெடுத்தது. நீதிமன்றத்துக்குள் வழக்கறிஞர்களும் வெளியே தொழிலாளர்களும் போராடினர். இளைஞர்களின் தாய்மார்கள் மேடையேறித் தங்கள் பிள்ளைகளுக்காகத் தாங்களே பேசினர். அவர்களுள் ஒருவரான அடா ரைட் 1932-இல் ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குச் சென்று ஆதரவு திரட்டினார். கட்சி மேடை அமைத்துக் கொடுத்தது; பேசும் உரிமை தாயிடம் இருந்தது. உடன் நிற்பது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை.

1932-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புகளை ரத்து செய்து, மரண தண்டனை வழக்கில் வழக்கறிஞர் உதவி பெறும் உரிமையை நிலைநாட்டியது. 1935-இல் நடுவர் குழுவிலிருந்து கறுப்பினத்தவரை விலக்கிவைப்பதையும் செல்லாது என்றது. குற்றம் சாட்டிய பெண்களுள் ஒருவரான ரூபி பேட்ஸ், தாம் சொன்னது பொய் என்று 1933-இல் சாட்சியம் அளித்தார். ஆயினும் கடைசி இளைஞர் சிறையிலிருந்து விடுபட 1950 ஆயிற்று. ஒருவர்கூடத் தூக்கிலிடப்படவில்லை.

எச்சரிக்கையாக ஒரு பாடம்

இதே கட்சியின் வரலாற்றில் எதிர்மறைப் பாடமும் உண்டு. 1940-களின் இறுதியிலிருந்து, அரசின் அடக்குமுறை உச்சத்தில் இருந்தபோது, கட்சிக்குள் இனவெறிக்கு எதிரான இயக்கம் தொடங்கியது. நோக்கம் சரியானது. ஆனால் அது விரைவில் சொல் வேட்டையாகச் சுருங்கியது. அற்பமான வார்த்தைப் பிசகுகளுக்காகவும் நீண்டகாலத் தோழர்கள் விசாரிக்கப்பட்டனர், பலர் நீக்கப்பட்டனர். அஞ்சிய உறுப்பினர்கள் கறுப்பினத் தோழர்களோடு இயல்பாகப் பேசவே தயங்கினர். 1953-இல் கட்சித் தலைவர் வில்லியம் ஃபாஸ்டரே இந்தப் போக்கை இடது குறுங்குழுவாதம் என்று விமர்சிக்க நேர்ந்தது.

1931-இலும் விசாரணை நடந்தது. 1950 வாக்கிலும் விசாரணைகள் நடந்தன. முன்னது உணவகத்தின் கதவை நோக்கி நடக்கச் சொன்னது. பின்னது தன் மனத்தையும் அடுத்தவர் நாவையும் ஓயாமல் சோதிக்கச் சொன்னது. சுயவிமர்சனம் மக்களை நோக்கித் திரும்பினால் தோழர் வளர்கிறார். தன்னையே சுற்றிவந்தால் கட்சி சிறுக்கிறது.

இந்தியாவில் செய்ய வேண்டியவை

1870-இல் எழுதிய கடிதம் ஒன்றில் மார்க்ஸ், ஆங்கிலேயத் தொழிலாளி அயர்லாந்துத் தொழிலாளியைப் போட்டியாளராக வெறுப்பதையும், அந்தப் பிளவே ஆளும் வர்க்கத்தின் பலமாக இருப்பதையும் சுட்டிக்காட்டினார். இந்த அனுபவம் தமிழ்த் தொழிலாளர்களுக்கு உண்டு. 1960-களின் பிற்பகுதியில் பம்பாயில் சிவசேனை வளர்ந்தது தென்னிந்தியர்மீது வெறுப்பை மூட்டித்தான். "மதராசி" என்பது அங்கு வசைச்சொல்லாயிற்று. அதே கரங்கள் செங்கொடித் தொழிற்சங்கங்கள்மீதும் பாய்ந்தன. 1970 ஜூனில் கம்யூனிஸ்ட் சட்டமன்ற உறுப்பினர் கிருஷ்ணா தேசாய் படுகொலை செய்யப்பட்டார்.

"மதராசி" என்ற சொல்லின் வலியை அறிந்த சமூகத்தில் இன்று "வடக்கன்" என்ற சொல் சர்வசாதாரணமாகப் புழங்குகிறது. குறைந்த கூலிக்கு ஆள் எடுக்கும் முதலாளி கண்ணில் படுவதில்லை. அந்தக் கூலிக்கு வந்தவரே பகைவராகத் தெரிகிறார். அசாமிலிருந்தோ மணிப்பூரிலிருந்தோ வந்தவர் என்றால், இந்தியரே அல்லர் என்ற ஏளனமும் சேர்ந்துகொள்கிறது. யோகினெனின் கதை இங்கேதான் திரும்ப நிகழ்கிறது.

சட்டம் ஓரளவே துணை செய்கிறது. வடகிழக்கு மக்களை இழிசொல்லால் அவமதிப்போர்மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைப் பயன்படுத்துமாறு 2012-இல் ஒன்றிய உள்துறை மாநிலங்களுக்கு எழுதியது. பட்டியல் சாதியினருக்கும் பட்டியல் பழங்குடியினருக்கும் மட்டுமே அது பொருந்தும். நிடோ தானியாவின் மரணத்துக்குப் பின் அமைக்கப்பட்ட பெஸ்பரூவா குழு, இன அவமதிப்பைத் தண்டிக்கத் தனிப் பிரிவுகளையும், வடகிழக்கின் வரலாற்றைப் பாடத்திட்டத்தில் சேர்ப்பதையும் பரிந்துரைத்தது. புதிய நியாய சன்ஹிதாவில் ஐவரோ அதற்கு மேற்பட்டோரோ கூடிச் செய்யும் கொலைக்கான காரணங்களில் இனமும் இடம்பெற்றுள்ளது. கொலைக்கு முந்தைய அன்றாட அவமதிப்புக்குக் குழு கேட்ட தனிப் பிரிவு வரவில்லை. அதற்கான போராட்டம் கட்சியின் கோரிக்கைப் பட்டியலில் இருக்க வேண்டும்.

சட்டம் வரும்வரை கிளைகள் காத்திருக்கத் தேவையில்லை. ஒவ்வொரு கிளையும் தன் பகுதியில் வாழும் புலம்பெயர் தொழிலாளர்கள் எந்த மாநிலத்தவர், என்ன மொழி பேசுபவர், எங்கே வேலை செய்பவர் என்பதை அறிந்திருக்க வேண்டும். அவர்களைப் பெயர் சொல்லி அழைக்கக் கற்க வேண்டும். ஒரு பெயரைச் சரியாக உச்சரிப்பதும் அரசியல் கல்விதான். தொழிற்சங்கக் கூட்டத்தில் மொழிபெயர்க்க ஆள் வேண்டும்; அவர்களுள் ஒருவர் நிர்வாகக் குழுவில் இடம்பெற வேண்டும். தாக்கப்பட்டவரோடு காவல் நிலையத்துக்கும் மருத்துவமனைக்கும் தோழர் ஒருவர் செல்ல வேண்டும். என்ன செய்யலாம் என்பதை அவரிடமே முதலில் கேட்க வேண்டும். அவர் அஞ்சி வழக்கு வேண்டாம் என்றால், அந்த அச்சத்தையும் மதித்து அருகில் இருக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் கடினமானது ஒன்று உண்டு. தேநீர்க் கடையில் நெருங்கிய நண்பர் ஓர் இழிசொல்லை வேடிக்கையாகச் சொல்லும்போது, சுற்றியிருப்போர் சிரிக்கும்போது, சிரிக்காமல் இருப்பது. பிறகு அந்த நண்பரை உதறிவிடாமல் பேசித் திருத்துவது. யோகினெனைத் தம் சொந்த மன்றத்துக்கே திரும்பிச் சென்று பேசச் சொன்னதன் பொருள் அதுதான். வெளியூர் மேடையில் இனவெறியைக் கண்டிப்பது எளிது. சொந்த மன்றத்தில் எழுந்து நிற்பவரே உண்மையில் மாறியவர்.

தோழர்களே, அன்று ஹார்லெமில் நடனத்துக்கு வந்த மூவரும் யாருடைய அனுதாபத்தையும் தேடி வரவில்லை. தொழிலாளர் மன்றம் என்று பெயர்ப்பலகை சொன்னதை நம்பி வந்தார்கள். இன்று இந்தியாவின் எந்த நகரத்திலும் செங்கொடி பறக்கும் அலுவலகத்தின் வாசலுக்கு அப்படி ஒருவர் வரக்கூடும். அந்தப் பெயர்ப்பலகை சொல்வது உண்மையா என்பதை, உள்ளே அமர்ந்திருக்கும் தோழர் எழுந்து வரவேற்கும் விதமே அவருக்குச் சொல்லும்.