ஆறு மாதக் கெடுவால் யாருக்கு லாபம்?

(புன்னக்காயல் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



லாரி மோதிக் காலை இழந்த தொழிலாளி நஷ்ட ஈடு கேட்பது பிச்சையல்ல, உரிமை. மனுவுக்கு இருந்த காலக்கெடுவை 1994-ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கியது. 2019-ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டமோ ஆறு மாதக் கெடுவை மீண்டும் கொண்டுவந்தது. 2022 ஏப்ரல் 1 முதல் அமலாக்கியது.

அடிபட்டவன் கட்டிலைவிட்டு எழுவானா, வக்கீலைத் தேடி அலைவானா? கெடு தவறினால் லாபம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கே!

கெடுவைக் காட்டி மனுக்களைத் தள்ளக்கூடாதென்று உச்சநீதிமன்றம் 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவிட்டது. அதை நம்பிக் காலம் கடத்தாதீர்கள். சென்னையில் அடிபட்டாலும், குடியிருக்கும் மாவட்டத் தீர்ப்பாயத்திலேயே மனுப் போடலாம். போலீஸ் எஃப்.ஐ.ஆர். நகல், ஆஸ்பத்திரிச் சீட்டுகளுடன் சங்கத்துக்கு உடனே வாருங்கள். கெடுவை ஒழிக்கும்வரை ஒன்றுபட்டுப் போராடுவோம்!