தீவுக்குக் குடிபெயர்வோரும் தொடர்பு வசதிகளும்
(உரையின் எழுத்து வடிவம்)

தீவு என்றவுடன் தொலைவில் அலைகளுக்கு நடுவே தனித்துக் கிடக்கும் ஒரு நிலத்துண்டே பெரும்பாலோர் மனக்கண்முன் தோன்றும். மாட்டுங்காவில் காய்கறி வாங்குபவரும், தாராவியில் தோல் பை தைப்பவரும் தாம் ஒரு தீவின்மீது நின்றுகொண்டிருப்பதாக நினைப்பதில்லை. ஆயினும் மும்பை மாநகரின் பழைய பகுதி ஏழு தீவுகளை இணைத்து உருவாக்கப்பட்டதே ஆகும். அத்தீவின் வடகோடியில், மாகிம் கழியின் ஓரத்தில் தாராவி அமைந்துள்ளது. செம்பூரும் முற்காலத்தில் டிராம்பே தீவைச் சேர்ந்ததே. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காகத் தாராவிக்கு வந்து சேர்ந்த முன்னோரும், எழுத்தர் பணிக்காக மாட்டுங்காவில் குடியேறியோரும், உண்மையில் ஒரு தீவுக்குக் குடிபெயர்ந்தவர்களே.

ஆனால் அவர்கள் தீவு வாழ்வின் துன்பத்தை உணரவில்லை. இதற்குக் காரணம் என்ன? தீவைத் தீவாக வைத்திருப்பது கடல் மட்டுமன்று. தொடர்பு வசதிகளின் குறைவே அதைத் தீவாக வைத்திருக்கிறது. பாலமும், இருப்புப் பாதையும், கம்பியும், கப்பலும் வந்து சேர்ந்தபின் மும்பை தீவாக இருப்பதை விட்டு நாட்டின் தலைவாசலாயிற்று. இந்த உண்மையை மனத்திற்கொண்டு, இன்று மும்பையிலிருந்து ஒரு குடும்பம் வேறொரு தீவுக்குக் குடிபெயர நேர்ந்தால் தொலைக்காட்சி, தொலைபேசி, சரக்குப் போக்குவரத்து ஆகிய மூன்றையும் எவ்வாறு அமைத்துக்கொள்வது என்பதை ஆராய்வது பயனுடையதாகும்.

நூற்றைம்பது ஆண்டு இடைவெளி

மும்பைக்குக் கடலடிக் கம்பி வந்தது 1870ஆம் ஆண்டில். 'கிரேட் ஈஸ்டர்ன்' என்னும் மாபெரும் கப்பல் மும்பையிலிருந்து ஏடன் வரை அக்கம்பியைக் கடலுக்கடியில் இட்டுச் சென்றது. கப்பல் வழியாக வாரக்கணக்கில் பயணம் செய்த செய்திகள் அதன்பின் சில மணி நேரத்தில் இலண்டனை எட்டின. 1882இல் மும்பையில் தொலைபேசி இணைப்பகம் திறக்கப்பட்டது. 1972 அக்டோபர் 2ஆம் நாள் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது. பருத்தி வணிகமும் துறைமுகமும் ஆட்சியாளரின் தேவையும் இவ்வசதிகளை விரைந்து கொண்டுவந்தன.

இதே மும்பையின் துறைமுக நீர்ப்பரப்பில், டிராம்பேக்கு எதிரே, காராபுரித் தீவு உள்ளது. எலிபெண்டா குகைகளால் உலகப் புகழ் பெற்ற இடம் அது. நகரின் விளக்குகளை இரவுதோறும் கண்ணால் கண்டுகொண்டிருந்த அத்தீவின் மூன்று சிற்றூர் மக்களுக்கு, மாலையில் சில மணி நேரம் மட்டும் டீசல் இயந்திரம் தரும் மின்சாரமே கிடைத்துவந்தது. நிலையான மின்சாரம், ஏறத்தாழ ஏழரைக் கிலோமீட்டர் நீளமுள்ள கடலடி வடத்தின் வழியாக, 2018 பிப்ரவரியில்தான் வந்து சேர்ந்தது. நாடு விடுதலை பெற்று எழுபது ஆண்டுகள் கடந்தபின் வந்த வெளிச்சம் அது. தொலைவு ஒரு தடையே அன்று, மக்கள்தொகையின் சிறுமையே பெருந்தடை என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை.

அந்தமான் தீவுகளின் நிலை இதைவிடக் கடினமானது. சென்னையிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவில் உள்ள அத்தீவுகளுக்குக் கடலடி ஒளியிழை வடம் 2020 ஆகஸ்டு 10ஆம் நாள் தொடங்கிவைக்கப்பட்டது. மும்பை தன் முதற் கடலடிக் கம்பியைப் பெற்று நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் அந்தமான் பெற்றது எனலாம்.

தமிழர் நிறைந்த தீவுகள்

அந்தமான் நிக்கோபாருக்குச் செல்லும் தமிழ்க் குடும்பம் அயலிடத்திற்குச் செல்வதாக எண்ண வேண்டியதில்லை. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி அங்கு வாழ்ந்தோர் 3,80,581 பேர். அவர்களுள் நூற்றுக்கு 15 பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். வங்காளமும் இந்தியும் மட்டுமே தமிழுக்கு முன் நிற்கின்றன. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி உடன்பாட்டின் விளைவாக இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழ்க் குடும்பங்கள் கச்சால் தீவின் இரப்பர்த் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டன. ஒரு தீவிலிருந்து மற்றொரு தீவுக்குச் சென்ற அம்மக்களுக்கு, உறவினரிடமிருந்து செய்தி வருவதென்பதே வாழ்வின் பெரும் ஏக்கமாக இருந்திருக்கும்.

இன்று செம்பூரில் குடியிருக்கும் மைய அரசு ஊழியர் ஒருவருக்கு, 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் அறிவிக்கப்பட்ட போர்ட் பிளேருக்கு மாற்றல் ஆணை வருவதாக வைத்துக்கொள்வோம். மனைவியும் பள்ளி செல்லும் பிள்ளைகளும் உடன் செல்கின்றனர். வயது முதிர்ந்த தாயார் செம்பூரிலேயே தங்கிவிடுகிறார். ஆணையைக் கண்ட தாயார் கேட்கும் முதல் கேள்வி, "அங்கேயிருந்து பேச முடியுமா?" என்பதாகவே இருக்கும். தொலைபேசி என்பது வசதிப் பொருளன்று என்பதை அக்கேள்வி உணர்த்திவிடும்.

தொலைபேசி

மும்பை வீட்டின் கம்பிவழித் தொலைபேசி எண் மும்பையோடு நின்றுவிடும். அதை முறைப்படி ஒப்படைத்து, காப்புத்தொகையைத் திரும்பப் பெறுவதற்கான விண்ணப்பத்தைப் புறப்படுமுன்னரே கொடுத்துவிடுதல் நன்று. முதிய தாயார் அவ்வீட்டில் தங்குவதாயின் இணைப்பை அவர் பெயருக்கு மாற்றிவைப்பதே முறை.

கைபேசி எண்ணின் நிலை வேறு. தொலைபேசிச் சேவைக்கென நாடு பல வட்டங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. மும்பை ஒரு தனி வட்டம். அந்தமான் நிக்கோபார் தீவுகள் மேற்கு வங்க வட்டத்தைச் சேர்ந்தவை. 2015 ஜூலை 3 முதல் ஒரு வட்டத்திலிருந்து வேறு வட்டத்திற்குச் சென்றாலும் எண்ணை மாற்றாமல் வைத்துக்கொள்ளும் உரிமை நாடெங்கும் நடைமுறைக்கு வந்துவிட்டது. எனவே எண்ணைக் கைவிடுதல் கூடாது. வங்கிக் கணக்கு, ஆதார், ஓய்வூதியம், சமையல் எரிவாயு ஆகிய அனைத்தும் இன்று அந்த எண்ணோடு பிணைக்கப்பட்டுள்ளன. எண் போனால் கடவுச் சொல் வராது. கடவுச் சொல் வராவிடில் வங்கியிலுள்ள சொந்தப் பணமும் கைக்கு எட்டாது. தாம் செல்லும் தீவில் எந்த நிறுவனத்தின் அலைவரிசை நன்கு கிடைக்கிறது என்பதை, அங்குப் பணிபுரிவோரிடம் கேட்டறிந்து அதற்கேற்ப மாறிக்கொள்வதே அறிவுடைமை.

2020க்கு முன் தீவின் பேச்சும் செய்தியும் பெரும்பாலும் துணைக்கோள் வழியாகவே சென்றன. நிலத்திலிருந்து 36,000 கிலோமீட்டர் உயரத்திற்குச் சென்று மீளும் ஒலி, கேள்விக்கும் விடைக்கும் இடையே அரை வினாடி அளவுக்கு இடைவெளியை உண்டாக்கும். ஒருவர் பேசி முடிக்குமுன் மற்றவர் தொடங்கிவிடுவார். துணைக்கோளின் கொள்ளளவும் குறைவு; கட்டணமும் மிகுதி. சென்னையிலிருந்து இடப்பட்டுள்ள வடத்திலோ ஒளி நூறில் ஒரு பங்கு வினாடிக்குள் தீவை எட்டிவிடுகிறது. ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள இவ்வமைப்பிற்கு ஏறக்குறைய 1,224 கோடி ரூபாய் செலவாயிற்று. எல்லா மக்களுக்கும் தொலைபேசிச் சேவை கிட்டவேண்டும் என்பதற்காக ஏற்படுத்தப்பட்ட நிதியத்திலிருந்து இத்தொகை வழங்கப்பட்டது. வணிகக் கணக்கு மட்டும் பார்த்திருந்தால் இவ்வடம் இடப்பட்டிராது என்பது இங்குக் கருதத்தக்கது.

எனினும் வடம் எல்லாத் தீவுகளையும் தொடவில்லை. ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து சுவராஜ் தீவு, லாங் தீவு, ரங்கத், சிறிய அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, பெரிய நிக்கோபார் ஆகியவற்றிற்கு அது நீட்டப்பட்டது. மக்கள் வாழும் தீவுகள் இவற்றினும் பல. மாற்றல் ஆணையில் உள்ள ஊர் எது என்பதைப் பொறுத்தே தாயாரின் கேள்விக்கு விடை அமையும்.

தொலைக்காட்சி

மும்பைத் தமிழர் தொலைக்காட்சியின் அருமையை நன்கு அறிந்தவர்கள். 1972இல் நிலையம் தொடங்கியபோது இந்தியும் மராத்தியுமே முன்னின்றன. தாய்மொழி நிகழ்ச்சியை நாள்தோறும் வீட்டிலிருந்தே காணும் வாய்ப்பு, 1993இல் தமிழ்த் தனியார் ஒளிபரப்பு துணைக்கோள் வழியாகத் தொடங்கிய பின்னரே கிட்டியது. ஆகவே தீவிலும் தமிழ் நிகழ்ச்சி கிடைக்குமா என்று குடும்பத்தார் கேட்பது இயல்பே.

மும்பை மொட்டை மாடியிலுள்ள சிறிய டிஷ்ஷைக் கழற்றி எடுத்துச் செல்வோர் இரு செய்திகளை நினைவிற்கொள்ள வேண்டும். முதலாவது கோணம். எடுத்துக்காட்டாக, கிழக்கு 93.5 பாகையில் நிற்கும் ஒரு துணைக்கோளை மும்பையிலிருந்து பார்த்தால் தென்கிழக்கே சாய்வாகத் தெரியும். ஸ்ரீ விஜயபுரமோ ஏறத்தாழ அதே தீர்க்கரேகையில் இருப்பதால், அங்கு டிஷ் தெற்கே சிறிது சாய்ந்து வானத்தையே பார்த்து நிற்கும். பழைய கோணத்தில் வைத்தால் படம் வராது.

இரண்டாவது, துணைக்கோளின் கதிர் எங்கு விழுகிறது என்பது. பெருநிலப்பரப்பை நோக்கித் திருப்பப்பட்ட 'கேயு' அலைவரிசைக் கதிர்கள் சில தீவுகளில் வலுவாக விழுவதில்லை. அதனால்தான் தூர்தர்ஷன் அந்தமானுக்கென 'சி' அலைவரிசையில் தனி நேரடிச் சேவையைத் தொடங்க நேர்ந்தது. இதற்குப் பெரிய டிஷ் தேவை. ஆனால் மழையால் எளிதில் தடைபடாது. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் தீவில் இது சிறிய நன்மையன்று. சந்தா முழுவதையும் மும்பையில் முன்பணமாகச் செலுத்திவிட்டுப் புறப்படுவது வீண் செலவாக முடியலாம். உள்ளூர்க் கேபிள்காரரிடமோ, பக்கத்து வீட்டாரிடமோ கேட்டபின் முடிவெடுத்தல் தகும். வடம் எட்டியுள்ள ஊர்களில் இணையத்தின் வழியாகவும் தமிழ் நிகழ்ச்சிகளைக் காண இயலும்.

சரக்கும் கப்பலும்

கப்பல் கழகத்தின் தலைமை அலுவலகம் மும்பையிலேயே இருப்பினும், மும்பையிலிருந்து அந்தமானுக்குப் பயணிகள் கப்பல் இல்லை. சென்னை, கொல்கத்தா, விசாகப்பட்டினம் ஆகிய துறைமுகங்களிலிருந்தே கப்பல்கள் செல்கின்றன. எனவே தட்டுமுட்டுப் பொருள்கள் முதலில் இரயிலிலோ லாரியிலோ சென்னை செல்ல வேண்டும். பிறகு கப்பலேற வேண்டும். சென்னையிலிருந்து ஆட்கள் விமானத்தில் இரண்டரை மணி நேரத்திற்குள் சென்று சேர்வர். கப்பல் பயணத்திற்கோ ஏறத்தாழ மூன்று நாட்கள் ஆகும். சென்னைக் கிடங்கில் காத்திருக்கும் நாட்கள் தனி. குடும்பம் போய்ச் சேர்ந்து சில வாரங்கள் கழித்தே பெட்டிகள் வரும் என்று எதிர்பார்த்து, ஒரு மாதத்திற்கான துணி, மருந்து, பள்ளிச் சான்றிதழ்கள், குடும்ப ஆவணங்கள் ஆகியவற்றைக் கையோடு கொண்டு செல்வது கட்டாயம்.

பொருள்கள் இருமுறை ஏற்றி இறக்கப்படுவதால் மரச்சட்டமிட்ட பெட்டிகளே ஏற்றவை. தட்டைத் திரைத் தொலைக்காட்சியைப் படுக்கவைத்தல் கூடாது. நிமிர்த்தியே கட்ட வேண்டும். குளிர்பதனப் பெட்டியும் அவ்வாறே. சேர்ந்த உடனே அதை மின்னிணைப்பில் போடாமல் சில மணி நேரம் நிற்கவிட வேண்டும். எரிவாயு உருளையைக் கப்பலில் ஏற்ற முடியாது; முகவரிடம் ஒப்படைத்து மாற்றுச் சான்று பெற்றுச் செல்வதே வழி. பெட்டிதோறும் எண்ணிட்டு, உள்ளிருப்பவற்றின் பட்டியலை மூன்று படிகள் எழுதி, கடல்வழிக் காப்பீடும் செய்துவிட்டால் பின்னர் வழக்காட வேண்டியிராது.

இவ்வளவும் செய்தபின் ஒரு வினா எழும்: கொண்டு செல்லும் செலவுக்கு அப்பொருள் தகுமா? பழைய கட்டிலுக்கும் பீரோவுக்கும் கப்பற் கூலி கொடுப்பதைவிட அவற்றைச் செம்பூரிலேயே விற்றுவிடுவது பல நேரங்களில் இலாபமாகும். உப்புக்காற்றில் இரும்பு விரைவில் துருவேறும் என்பதும் கருதற்பாலது. தலைத்தீவிலிருந்து பிற தீவுகளுக்குச் செல்லவேண்டியவர்கள் மற்றொரு கப்பலுக்கும் காத்திருக்க வேண்டும். பருவமழைக் காலத்தில் அக்கப்பல்கள் காலந்தவறுவதுண்டு. நிக்கோபார்த் தீவுகளுக்குச் செல்வோர், பழங்குடியினரைக் காக்கும் 1956ஆம் ஆண்டு ஒழுங்குமுறையின்படி முன்னனுமதியும் பெற வேண்டும்.

செய்ய வேண்டியவை

தனி ஒரு குடும்பம் கவனமாக இருந்தால் மட்டும் போதாது. மாற்றலாகிச் செல்வோர் அலுவலகந்தோறும் அலைந்து அறியவேண்டிய செய்திகளை, ஒரே கையேடாகத் தமிழிலும் பிற மொழிகளிலும் அச்சிட்டு வழங்கலாம். வடம் எட்டாத தீவுகளுக்குக் கிளை வடங்களோ வலிமையான துணைக்கோள் இணைப்போ அளிக்கப்பட வேண்டும். வடம் எட்டிய தீவுகளிலும் அது அறுபடும் நாளுக்கென மாற்று வழி ஆயத்தமாக இருத்தல் வேண்டும். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை தாக்கியபோது, தொடர்பு அற்றுப்போவதன் பொருள் என்ன என்பதை நிக்கோபார் மக்கள் அறிந்தனர். உதவி கேட்கும் குரலே கரை சேராத நிலை மீண்டும் வரக் கூடாது.

வளர்ச்சி என்பது பெருநகரங்களில் வசதிகளைப் பெருக்குவது மட்டுமன்று. செம்பூரில் தனித்திருக்கும் தாய் மாலையில் பேரக் குழந்தையின் குரலைத் தெளிவாகக் கேட்கும்போது, பரந்த கடல் ஒரு தெருவின் அகலமாகச் சுருங்குகிறது. ஏழு தீவுகளை ஒரு நகரமாக்கிய நாட்டிற்கு, எஞ்சியுள்ள தீவுகளையும் தன்னோடு இணைத்துக்கொள்வது இயலாத செயலன்று.