குவாலியர்க் கோட்டைக்குப் புறப்படுமுன்



வடநாட்டு யாத்திரைக்கு நம்மவர் வகுக்கும் நிரலில் சோனாகிரிக்கு இரண்டு நாள் இருக்கும். அருகிலுள்ள குவாலியருக்கோ அரை நாள்தான். கோட்டை என்றால் அரசர் வாழ்ந்த இடம், அரண்மனையைப் பார்த்துவிட்டு வண்டியேறலாம் என்ற எண்ணமே இதற்குக் காரணம். நானும் முதன்முறை அப்படித்தான் சென்றேன். மான்சிங் தோமரின் அரண்மனைச் சுவரில், வண்ண ஓட்டுப் பதிப்பில் வாத்துகள் வரிசையாகச் செல்வதைப் பார்த்து நின்றதிலேயே முற்பகல் கழிந்தது. மலைச்சரிவில் நிற்கும் தீர்த்தங்கரர்களை ஓடும் வண்டியின் சன்னல் வழியாகவே கண்டேன். அந்த மனக்குறையால்தான் இன்று இதைப் பேச இசைந்தேன்.

அம்மலையின் பழம்பெயர் கோபாசலம். 15ஆம் நூற்றாண்டில் தோமர் குலத்து டூங்கர் சிங்கும் அவர் மகன் கீர்த்தி சிங்கும் ஆண்டபோது, ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில், கோட்டையைத் தாங்கி நிற்கும் பாறைச் சரிவுகளில் திகம்பரத் திருமேனிகள் பல குடையப்பட்டன. நம் திருமலை நேமிநாதர் பதினாறு அடி உயரம்; அவரையே அண்ணாந்து பார்க்கிறோம். உர்வாயிப் பள்ளத்தாக்கில் நிற்கும் ஆதிநாதரோ ஏறக்குறைய 57 அடி! தென்கிழக்குச் சரிவில் பத்மாசனத்தில் அமர்ந்த பார்சுவநாதர் 42 அடி. நின்றால் எவ்வளவு இருப்பார் என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு நூற்றாண்டுக்குள்ளாகவே பாபர் அங்கு வந்தார். இச்சிலைகளை அழிக்கும்படி ஆணையிட்டதைத் தம் நினைவுக் குறிப்பில் அவரே எழுதியிருக்கிறார். முகங்கள் சிதைந்தன. சில தலைகளைப் பிற்காலச் சமணர் சுதையால் மீண்டும் அமைத்தனர். இதை முன்கூட்டியே அறிந்து செல்லுதல் வேண்டும். இல்லையேல் முதற்காட்சியே நெஞ்சை உலுக்கிவிடும்.

இரண்டாம் முறை என்னுடன் வந்த மூதாட்டி ஒருவர், "பின்னமான பிம்பத்தை வணங்கலாமா?" என்று கேட்டார். முறையான கேள்விதான். பின்னமான திருமேனிக்கு நாம் திருமஞ்சனம் செய்வதில்லை. ஆனால், அங்கு நாம் பூசை செய்யச் செல்லவில்லையே. கண்டு நிற்கத்தானே செல்கிறோம்? காயோத்சர்க்கத்தில் நிற்கும் அந்த உடலின் அசைவின்மையை எந்தச் சம்மட்டியும் தொடவில்லை என்று எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். அவர் விடை கூறவில்லை. நெடுநேரம் பார்த்திருந்துவிட்டுக் கைகூப்பினார்.

இனி, பயணத்தைப் பற்றி. தமிழ்நாடு எக்ஸ்பிரஸ், கிராண்ட் டிரங்க் இரண்டுமே குவாலியரில் நிற்கும். கோடையில் வெயில் நாற்பது டிகிரியைக் கடக்கும். மார்கழி, தை மாதங்களில் பனிமூட்டத்தால் ரயில்கள் தாமதமாகும். நவம்பரோ பிப்ரவரியோ நன்று. ஒரு முழு நாளையேனும் கோட்டைக்கே ஒதுக்குங்கள். பார்சுவநாதரைக் காணப் படியேற வேண்டியிருப்பதால், இளவெயிலில் முதலில் அங்குச் செல்வதே முதியோர்க்கு ஏற்றது. பிறகு மேற்குப் பக்கத்து உர்வாயி வாயில் வழியாக வண்டியிலேயே மேலே செல்லலாம். கிழக்கு வாயிலில் நடந்தே ஏறவேண்டும். உர்வாயிச் சாலையின் ஓரத்திலேயே திருமேனிகள் உள்ளன. ஆகவே, அங்கு ஒரு மணி நேரம் நிற்கவேண்டும் என்று வண்டி பேசும்போதே ஓட்டுநரிடம் சொல்லிவிடுங்கள்; நான் செய்யத் தவறியது இதைத்தான். குளிர்காலத்தில் ஐந்தரை மணியளவிலேயே பொழுது சாய்ந்துவிடும். இரவில் உண்ணாத நாம் மாலை உணவைக் கையோடு கொண்டுசெல்வது நல்லது.

அரண்மனை கடைசியில் இருக்கட்டும். நேரம் போதாவிட்டால் விட்டுவிடுங்கள். வாத்துகளைத்தான் உங்களுக்காக நான் முன்னமே பார்த்து வந்துவிட்டேனே!