குழாய்க்குள் என்ன இருக்கிறது என்று யார் சொல்வது?



நம் தோழரின் நினைவு நாளில் ஈயக் குழாயைப் பற்றிப் பேசப்போகிறோம். அதுவும் அமெரிக்காவின் ஈயக் குழாய். தலித் இலக்கிய மேடையில் இதற்கு என்ன வேலை என்று அழைப்பிதழைப் பார்த்த சிலர் கேட்டார்கள். தண்ணீரைத் தொட்டதற்காக அடிபட்ட மக்கள் நாம். மகாடு குளத்தில் 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் ஒரு கை நீரை அள்ளிக் குடித்ததிலிருந்து நம் அரசியலில் தண்ணீர் இருக்கிறது. கறுப்பின மக்களின் போராட்டமும் நமக்கு அந்நியமில்லை. 1946இல் அம்பேத்கர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் பம்பாயில் நம் இளைஞர்கள் அமைப்பு கண்டபோது பெயரையே 'பிளாக் பாந்தர்' அமைப்பிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். அந்த உறவின் தொடர்ச்சியாக இதைப் பார்ப்போம்.

முதலில் ஒரு தெளிவு. தமிழில் ஈயம் என்றால் இரண்டு. ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயம். இங்கே பேசுவது காரீயம். வேதத்தைக் காதால் கேட்ட சூத்திரனின் காதில் காய்ச்சி ஊற்றும்படி கௌதம தர்மசூத்திரம் சொன்னதும் ஈயம்தான் என்று நம் மேடைகளில் காலங்காலமாகச் சொல்லிவருகிறோம். அது எந்த ஈயம் என்பதைப் பண்டிதர்கள் அடித்துக்கொள்ளட்டும்.

காரீயம் மென்மையானது, வளையும், துருப்பிடிக்காது. அதனால் ரோமானியர் காலத்திலிருந்தே அதில் குழாய் செய்தார்கள். குழாய் வேலைக்கான ஆங்கிலச் சொல்லே ஈயத்தின் இலத்தீன் பெயரிலிருந்து பிறந்தது. அமெரிக்க நகரங்களில் தெருவின் பெரிய குழாயிலிருந்து வீட்டுக்கு வரும் இணைப்புக் குழாயை ஈயத்தில் போட்டார்கள். சிகாகோ நகரத்தின் கட்டட விதி அதைக் கட்டாயமாகவே வைத்திருந்தது. 1986இல் நாடாளுமன்றம் தடைச் சட்டம் கொண்டுவரும் வரை அங்கே ஈயக் குழாய்தான். இன்றும் அந்த ஒரு நகரத்தில் மட்டும் ஏறத்தாழ 4 லட்சம் இணைப்புகள் ஈயம் என்று கணக்கு.

ஈயம் தண்ணீரில் கரைந்தால் நிறம் மாறாது, வாடை வராது, சுவையும் தெரியாது. கொதிக்கவைத்தாலும் போகாது, நீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். உடலுக்குள் போனால் சுண்ணாம்புச் சத்து போல வேடம் போட்டு எலும்பில் குடியேறும். வளரும் குழந்தையின் மூளையைப் பாதிக்கும். கற்கும் திறன் குறையும். இந்த அளவுக்குக் கீழே இருந்தால் பாதகமில்லை என்று சொல்லத்தக்க எல்லை எதுவும் கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆகவே இதைக் கண்ணால் கண்டு புகார் சொல்ல முடியாது. யாராவது சோதித்துச் சொன்னால்தான் தெரியும். அந்தச் சோதனைக் கருவியும் பதிவேடும் யார் கையில் இருக்கின்றன என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

மிச்சிகன் மாநிலத்தின் பிளின்ட் நகரத்துக்குப் போவோம். 2014இல் மக்கள்தொகை ஏறத்தாழ ஒரு லட்சம். பாதிக்கு மேல் கறுப்பின மக்கள். பத்தில் நான்கு பேர் வறுமைக் கோட்டுக்குக் கீழே. கார் தொழிற்சாலைகள் மூடப்பட்டு நகராட்சி கடனில் விழுந்ததும் மாநில அரசு ஓர் அவசரகால மேலாளரை நியமித்தது. மேயரும் நகர மன்றமும் பெயருக்கு இருந்தார்கள். இந்த மேலாளர் சட்டத்தை மிச்சிகன் வாக்காளர்கள் 2012 நவம்பரில் பொதுவாக்கெடுப்பில் தோற்கடித்தார்கள். அடுத்த மாதமே சட்டமன்றம் அதே மாதிரி வேறொரு சட்டத்தை நிறைவேற்றியது. தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர் தரையில் உட்கார, வேறு யாரோ நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுவதை நம் ஊர்களில் பார்த்திருக்கிறோம். அங்கே அதைச் சட்டம் போட்டே செய்தார்கள்.

2014 ஏப்ரலில் செலவைக் குறைப்பதற்காக, டெட்ராய்ட்டிலிருந்து வாங்கிய தண்ணீரை நிறுத்திவிட்டு பிளின்ட் ஆற்றுத் தண்ணீரை விட்டார்கள். அந்த ஆற்று நீர் குழாயை அரிக்கும் தன்மை உடையது. டெட்ராய்ட் தண்ணீரில் பாஸ்பேட் சேர்த்திருந்தார்கள். அது குழாயின் உட்புறத்தில் படலமாகப் படிந்து ஈயம் கரையாமல் காத்தது. பிளின்டில் அதைச் சேர்க்கவில்லை. பல ஆண்டுகளாகப் படிந்திருந்த படலம் பெயர்ந்தது. மக்கள் பழுப்புத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு கூட்டங்களுக்குப் போனார்கள். குடிக்கலாம், பயமில்லை என்றே பதில் வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் ஜெனரல் மோட்டார்ஸ் இன்ஜின் தொழிற்சாலை, இந்தத் தண்ணீரில் தங்கள் உதிரிபாகங்கள் துருப்பிடிக்கின்றன என்று வேறு தண்ணீருக்கு மாறிக்கொண்டது. இரும்புக்கு ஆகாத தண்ணீரை மனிதர்கள் இன்னும் ஓராண்டு குடித்தார்கள்.

இப்போது கணக்குக்கு வருவோம். மாணவத் தோழர்கள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும். அமெரிக்காவில் 1991இல் வந்த விதிப்படி, ஈயக் குழாய் உள்ள வீடுகளாகத் தேர்ந்தெடுத்து மாதிரி எடுக்க வேண்டும். அளவுகளை வரிசைப்படுத்தி, நூற்றுக்குத் தொண்ணூறாவது இடத்தில் உள்ள எண்ணைப் பார்க்க வேண்டும். அது லிட்டருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டினால்தான் நகரம் நடவடிக்கை எடுத்தாக வேண்டும். அதாவது பத்து வீட்டில் ஒரு வீடு எவ்வளவு ஈயம் குடித்தாலும் அறிக்கையில் நகரம் நலமாக இருக்கும். 2015 முதல் ஆறு மாதத்துக்கு பிளின்டில் 71 மாதிரிகள் எடுத்தார்கள். அதில் அதிக ஈயம் இருந்த இரண்டை மாநில அதிகாரிகள் கணக்கிலிருந்து நீக்கச் சொன்னார்கள். நீக்கியதும் எண் 15க்குக் கீழே இறங்கியது. நகரம் பாதுகாப்பானது!

நீக்கப்பட்ட இரண்டில் ஒன்று லீஆன் வால்டர்ஸ் என்ற பெண்மணியின் வீட்டு மாதிரி. அதில் 104 மைக்ரோகிராம் இருந்தது. அவர் விடவில்லை. கூட்டாட்சி முகமையின் மிகெல் டெல் டோரல் என்ற அதிகாரியிடம் போனார். அவர் 2015 ஜூனில் மேலிடத்துக்குக் குறிப்பு எழுதினார். வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தின் மார்க் எட்வர்ட்ஸ் அந்த வீட்டுத் தண்ணீரைச் சோதித்தபோது ஒரு மாதிரியில் 13,200 இருந்தது. 5,000ஐத் தாண்டினாலே அது அபாயகரமான கழிவு. பிறகு நகர மக்களே வீடு வீடாகப் பாட்டில் கொடுத்து மாதிரி சேகரித்து அனுப்பினார்கள். செப்டம்பரில் குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா-அட்டிஷா, மருத்துவமனைப் பதிவுகளிலிருந்து எடுத்த புள்ளிவிவரத்தைப் பத்திரிகையாளர் முன் வைத்தார். இரத்தத்தில் ஈயம் அதிகமுள்ள குழந்தைகள் நூற்றுக்கு 2.4இலிருந்து 4.9ஆக உயர்ந்திருந்தார்கள். தேவையில்லாமல் பீதி கிளப்புகிறார் என்று மாநில அரசின் தரப்பில் அவரைக் கேலி பேசினார்கள். மூன்று வாரத்தில் அரசே தண்ணீரைப் பழையபடி மாற்ற வேண்டிவந்தது.

வால்டர்ஸ் வெள்ளைக்காரப் பெண், மருத்துவர் மோனா ஈராக்கிலிருந்து வந்த குடும்பத்தைச் சேர்ந்தவர் என்பதை மறைக்க வேண்டியதில்லை. நஞ்சு ஆள் பார்த்துப் பாயவில்லை. ஆனால் யாருடைய நகரத்தில் வாக்குரிமையைச் செல்லாக்காசாக்க முடிந்தது, யாருடைய புகாரை ஒன்றரை ஆண்டு காது கொடுக்காமல் தள்ள முடிந்தது என்பதற்கு நிறத்தில் பதில் இருந்தது. மிச்சிகன் குடிமை உரிமை ஆணையம் 2017இல் தந்த அறிக்கையில், இது அமைப்பு ரீதியான இனவெறியின் விளைவு என்றே எழுதியது. நம் நாட்டில் ஓர் அரசு ஆணையம் குடிநீர்த் திட்டத்தைப் பற்றி இப்படி எழுதி நாம் படித்ததில்லை.

சரி, குழாயை மாற்றலாம் என்று இறங்கியபோது அடுத்த கேள்வி வந்தது: எந்த வீட்டில் ஈயக் குழாய்? யாருக்கும் தெரியவில்லை. நகராட்சியில் சுமார் 45,000 அட்டைகள் இருந்தன, கையால் எழுதியவை. பழைய வரைபடங்களில் பென்சில் குறிப்புகள். பாதி தவறு, பாதி காணோம். அப்படியானால் அதுவரை 'ஈயக் குழாய் உள்ள வீடுகளில் மாதிரி எடுத்தோம்' என்று அறிக்கை அனுப்பியதெல்லாம் எதை வைத்து? பதிவேடே இல்லாமல்தான்.

இரண்டு பேராசிரியர்கள் வீட்டின் வயது, மதிப்பு, அட்டைக் குறிப்பு எல்லாவற்றையும் கணினியில் போட்டு, எந்த வீட்டில் ஈயம் இருக்க வாய்ப்பு என்று பட்டியல் தயாரித்தார்கள். அதன்படி தோண்டியபோது பெரும்பாலும் சரியாக இருந்தது. 2018இல் நகரம் அந்தப் பட்டியலைக் கைவிட்டு, தெருத் தெருவாகத் தோண்டியது. 10,000க்கும் மேற்பட்ட வீடுகளின் முன் தோண்டி நூற்றுக்கு 15 வீட்டில்தான் ஈயம் கண்டார்கள். வீண் செலவு என்று நிபுணர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். நமக்கு இதில் மக்கள் பக்கமும் புரிகிறது. பக்கத்து வீட்டில் தோண்டிவிட்டு, உன் வீட்டில் ஈயம் இருக்காது என்று கணினி சொல்கிறது என்றால், ஏற்கெனவே எண்ணைக் காட்டி ஏமாற்றப்பட்டவர்கள் எப்படி நம்புவார்கள்? என் வீட்டு வாசலைத் தோண்டு, கண்ணால் பார்க்கிறேன் என்பார்கள். கடைசியில் நீதிமன்ற உடன்பாட்டின் வழியாக அந்தப் பட்டியல் திரும்பி வந்தது. 2025 வரை நடந்த வேலையில் ஏறத்தாழ 11,000 ஈயக் குழாய்கள் மாற்றப்பட்டன.

பிளின்ட் கொடுத்த அழுத்தத்தில்தான் நாடு முழுவதற்கும் ஒரு விதி வந்தது. 2024 அக்டோபர் 16க்குள் ஒவ்வொரு குடிநீர் அமைப்பும் தன் இணைப்புக் குழாய் ஒவ்வொன்றும் எதனால் ஆனது என்று பட்டியலிட்டுப் பொதுவில் வைக்க வேண்டும். 50,000 பேருக்கு மேல் தண்ணீர் தருபவர்கள் அதை இணையத்தில் ஏற்ற வேண்டும். ஈயம் உள்ள வீட்டுக்கு மட்டுமல்லாமல், 'தெரியவில்லை' என்று குறித்த வீட்டுக்கும் 30 நாளுக்குள் கடிதம் அனுப்ப வேண்டும். இதில் நமக்கு முக்கியமாகப் படுவது அந்தத் 'தெரியவில்லை' என்ற கட்டம்தான். இதுவரை 'தெரியவில்லை' என்பது அதிகாரிக்குக் கேடயமாக இருந்தது. இப்போது அதையும் எழுதிக் கையெழுத்திட்டு, அந்த வீட்டுக்காரரிடம் தெரிவிக்க வேண்டும்.

ஓட்டைகள் இல்லாமலில்லை. தெருவிலிருந்து மனை எல்லை வரை நகராட்சிக் குழாய், அதற்குப் பிறகு வீட்டு உரிமையாளர் குழாய் என்று பல நகரங்கள் பிரிக்கின்றன. உரிமையாளருக்குப் பணமோ மனமோ இல்லையென்றால் பாதிக் குழாயை மட்டும் மாற்றுவார்கள். வெட்டும்போது ஏற்படும் அதிர்வில் கொஞ்ச காலத்துக்கு ஈயம் முன்னைவிட அதிகமாக வரும். அந்தத் தண்ணீரைக் குடிப்பது வாடகைக்கு இருப்பவர், முடிவெடுப்பது வேறொருவர். பட்டியலில் பெயர் வருவது ஒன்று, குழாய் மாறுவது இன்னொன்று.

நம் மண்ணுக்கு வருவோம். இங்கே ஈயக் குழாய் பரவலாக இல்லை. வார்ப்பிரும்பு, ஜி.ஐ., இப்போது பி.வி.சி. அந்த பி.வி.சி.யில் நிலைப்படுத்தியாக ஈயச் சேர்மம் கலப்பது வழக்கமாக இருந்தது. அதைக் கட்டுப்படுத்த 2021இல்தான் ஒன்றிய அரசு விதி கொண்டுவந்தது. அதற்கு முன் புதைத்த குழாய்கள் புதைத்தபடியே இருக்கின்றன. குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் ஈயம்தான் வரம்பு என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. நம் காலனியின் கடைக்கோடிக் குழாயில் அதை யாராவது அளந்தார்களா என்று கேட்டால் முகத்தைப் பார்ப்பார்கள்.

இதைச் சொல்லும்போது வேங்கைவயல் நினைவுக்கு வராமல் இருக்காது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டத்தின் அந்தத் தலித் குடியிருப்பில் குழந்தைகள் நோயில் விழுந்தார்கள். மக்களே மேல்நிலைத் தொட்டியில் ஏறிப் பார்த்து, மலம் கலந்திருப்பதை வெளியே சொன்னார்கள். சொன்னவர்களிடமே மரபணு மாதிரி கேட்டார்கள். 2025 ஜனவரியில் குற்றப்பிரிவு சிஐடி தாக்கல் செய்த குற்றப்பத்திரிகையில் அதே சமூகத்தைச் சேர்ந்த மூன்று இளைஞர்கள்தான் குற்றம் சாட்டப்பட்டவர்கள். மக்கள் அதை ஏற்கவில்லை, நாமும் ஏற்கவில்லை. ஈயமும் மலமும் ஒன்றல்ல. ஒன்று அலட்சியத்தின் நஞ்சு, மற்றது வன்மத்தின் நஞ்சு. ஆனால் தண்ணீரைப் பற்றி வாய் திறந்தவரைச் சந்தேகத்துக்குரியவராக்கும் வேலை இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி நடந்தது.

எனவே பதிவேட்டைக் கேட்போம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆவது பிரிவு, கேட்காமலே வெளியிட வேண்டியவற்றைப் பட்டியலிடுகிறது. 6ஆவது பிரிவில் நாம் மனு போடலாம். ஊருக்குள் போகும் குழாய் எந்த ஆண்டு, எந்தப் பொருளில் புதைத்தது. காலனிக்குள் வரும் குழாய் எந்த ஆண்டு, எந்தப் பொருள். கடைசியாக எந்தத் தெருவின் குழாயில் மாதிரி எடுத்தார்கள், எந்த ஆய்வகம், என்ன முடிவு. தொட்டியைக் கழுவிய தேதிகள் என்ன. ஊருக்கும் காலனிக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். சேர்த்துக் கேட்டால் சராசரி போட்டுத் தந்துவிடுவார்கள். 'பதிவேடு இல்லை' என்று பதில் வந்தால் அதைத் தூக்கிப் போடாதீர்கள். முத்திரையோடு வந்த அந்தத் தாளை நகலெடுத்துக் கிராம சபையில் வாசியுங்கள், தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். கட்டணம் 10 ரூபாய், கெடு 30 நாள். மாதிரி மனு வாசலில் புத்தக மேசையில் இருக்கிறது. போகும்போது ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள்.