கண்டிச் சாமியும் ஜாஸ் இசையும்

(பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டு விழா ஆயத்தக் கூட்டத்தில், பொகவந்தலாவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வெளிநாட்டிலிருந்து வந்திருப்பதால் அரை மணித்தியாலம் ஏதாவது பேச வேண்டும் என்று செயலாளர் தங்கச்சி கேட்டார். நீரிழிவைப் பற்றியோ பிள்ளைகளின் உயர்கல்வியைப் பற்றியோ பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பார். ஜாஸ் என்று நான் சொன்னதும் தொலைபேசியில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "அது கிளப்பில் துரைமார் ஆடுகிற இசை தானே அக்கா?" என்றார். கேட்டது நியாயமான கேள்வி. துரைமார் ஆடியது உண்மை. ஆனால் அதை உண்டாக்கியவர்கள் கப்பலில் கொண்டுவரப்பட்டு, பருத்தித் தோட்டத்திலும் கரும்புத் தோட்டத்திலும் அடிமைகளாக உழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள். தோட்டம் என்ற சொல்லை நான் வேண்டுமென்றே சொல்லவில்லை. அவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

நான் 1984இல் லண்டனுக்குப் போனேன். ஒரு பொது நூலகத்தில் இசைத்தட்டு இரவல் பகுதியில் வேலை கிடைத்தது. திரும்பி வரும் ஒவ்வொரு தட்டையும் வெளிச்சத்தில் சாய்த்துக் கீறல் பார்ப்பது என் பொறுப்பு. அப்படி ஒரு நாள் கையில் வந்த தட்டின் உறையில் 'சச்சிதானந்தா' என்ற பெயர் இருந்தது. பஜனைத் தட்டு வழிதவறி ஜாஸ் பெட்டிக்குள் வந்துவிட்டது என்றுதான் எண்ணத் தோன்றும். அது வழிதவறவில்லை. அலிஸ் கோல்ட்ரேன் என்ற கறுப்பினப் பெண் 1970இல் பதிவுசெய்து, 1971இல் வெளிவந்த தட்டு. தலைப்பின் பொருள் 'சச்சிதானந்தாவில் ஒரு பயணம்' என்பது.

இந்தச் சச்சிதானந்தா யார்? இங்கே இருக்கும் மூத்த அக்காமார் சிலருக்குத் தெரிந்திருக்கும். கோயம்புத்தூர்ப் பக்கம் செட்டிப்பாளையத்தில் பிறந்து, சுவாமி சிவானந்தரின் சீடராகி, 1953இல் அவர் அனுப்ப இலங்கைக்கு வந்தவர். திருகோணமலையிலும் பிறகு கண்டியிலும் ஆச்சிரமம் நடத்தினார். எங்கள் தோட்டத்துப் பெரிய கிளாக்கரையா வீட்டில் அவருடைய படம் மாட்டியிருந்தது. 'கண்டிச் சாமி' என்றுதான் சொல்வார்கள். 1966இல் அவர் அமெரிக்கா போனார். 1969இல் வூட்ஸ்டொக் என்ற பெரிய இசை விழாவைத் தொடக்கிவைத்துப் பேசியவரும் அவர்தான். நமது நாட்டில் பதின்மூன்று ஆண்டுகள் இருந்துவிட்டுப் போன ஒரு தமிழ்ச் சாமியாரின் பெயரில் ஜாஸ் இசையின் முக்கியமான தட்டு ஒன்று இருக்கிறது என்பதை, இத்தனை ஆண்டுகளில் இங்கே யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஆகவே நான் சொல்கிறேன்.

தட்டைப் போட்டால் முதலில் கேட்பது தம்பூரா. அதன் மேல் பாஸ் என்ற பெரிய தந்தி வாத்தியம் ஒரே சிறு சுற்றைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறது, தாலாட்டில் கை தட்டிக்கொண்டே இருப்பதுபோல. பிறகு அலிஸின் ஹார்ப், நமது பழைய யாழின் உறவு, தண்ணீர் சிந்துவதுபோல விழும். அதற்குப் பிறகு பாரோ சாண்டர்ஸின் சக்ஸபோன். அலிஸ் 29 வயதில் விதவையானவர். கையில் நான்கு பிள்ளைகள். கணவர் ஜோன் கோல்ட்ரேன் 1967 ஜூலையில் இறந்தபோது உலகின் முதல் வரிசை சக்ஸபோன் கலைஞர். அவர் வாங்கச் சொல்லியிருந்த ஹார்ப் அவர் இறந்த பிறகுதான் வீட்டுக்கு வந்ததாம். அந்த ஹார்ப்பைத்தான் நாம் கேட்கிறோம். தட்டில் முதல் பக்கத்தில் பம்பாயின் பெயர் கொண்ட ஒரு துண்டு இருக்கிறது. 1970 டிசம்பரில் தொடங்கவிருந்த ஐந்து வார இந்திய, இலங்கைப் பயணத்தை நினைத்து வைத்த பெயர் அது.

இனி, மற்றத் தட்டுகளுக்கு எப்படிப் போனேன் என்பதைச் சொல்கிறேன். ஜாஸைப் பற்றிப் புத்தகங்கள் ஆண்டு வரிசைப்படி தொடங்கும். அப்படிக் கேட்கத் தொடங்கினால் பத்தாவது நாள் அலுத்துவிடும். நாங்கள் பஸ்ஸில் ஒரு புது முகத்தைப் பார்த்தால் என்ன கேட்கிறோம்? எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், யாருடைய மகள். ஜாஸ் தட்டின் உறையிலும் அதெல்லாம் எழுதியிருக்கும்: யார் யார் வாசித்தார்கள், எந்த ஊரில், எந்தத் தேதியில். 1936இலேயே சார்ல் டெலோனே என்ற பிரெஞ்சுக்காரர் இந்த விவரங்களைத் தொகுத்துப் புத்தகமாகவே போட்டுவிட்டார். அந்தப் பெயர்களைப் பிடித்துக்கொண்டு சொந்தம் விசாரிப்பதுபோலப் போகலாம்.

அலிஸிலிருந்து கணவர் ஜோன். அவருடைய 'எ லவ் சுப்ரீம்' 1964 டிசம்பரில் ஒரே நாளில் பதிவானது. நாலு பகுதி கொண்ட வழிபாடு. (அதற்கடுத்த ஆண்டு அவர் செய்த 'அசென்ஷன்' எனக்குப் பதினொரு நிமிடத்துக்கு மேல் தாங்கவில்லை. கூட்டத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவதுபோல இருக்கும். பிடித்தவர்கள் என்னை மன்னிக்கவும்.) ஜோனிடமிருந்து, அவரைத் தன் குழுவில் வைத்திருந்த மைல்ஸ் டேவிஸ். 1959இல் இரண்டே நாளில் பதிவான 'கைண்ட் ஒஃப் புளூ' என்ற தட்டை, ஜாஸே வேண்டாம் என்பவர்களும் வீட்டில் வைத்திருக்கிறார்கள். அதன் முதல் துண்டைச் சங்கீத ஆசிரியை ஒருவரிடம் போட்டுக் காட்டுங்கள். ஸ்வரங்கள் அப்படியே கரகரப்பிரியா. கமகம் கிடையாது, இடையில் அரை ஸ்தானம் மேலே ஏறி, அதே கரகரப்பிரியாவை அங்கே கொஞ்சம் வாசித்துவிட்டு இறங்கிவிடுவார்கள். இரண்டே வசனத்தில் சொல்லிவிட்டேன், ஆனால் இதைக் காது கண்டுபிடிக்கும்போது வருகிற சந்தோஷம் தனி.

ஜோனிடமிருந்து இன்னொரு வழியும் போகிறது. 1962இல் அவர் டியூக் எலிங்டனோடு சேர்ந்து ஒரு தட்டு செய்தார். எலிங்டனோ அதற்கு முந்திய ஆண்டு லூயி ஆம்ஸ்ட்ரோங்கோடு சேர்ந்து வாசித்தவர். ஆம்ஸ்ட்ரோங் 1923இல் கிங் ஒலிவரின் குழுவில் இருந்தவர். பார்த்தீர்களா, நாலே பேரில் நாற்பது ஆண்டுகள் பின்னால் போய்விட்டோம். எலிங்டன் தம் குழுவோடு 1963இல் இலங்கைக்கும் வந்து வாசித்திருக்கிறார். அந்தப் பயணத்தின் நினைவாக 1966இல் 'ஃபார் ஈஸ்ட் சூட்' பதிவுசெய்தார். அவருக்கு முன் 1958இல் டேவ் புரூபெக் வந்தார். அவருடைய குழு சென்னையில் மிருதங்க வித்துவான் பழனி சுப்பிரமணிய பிள்ளையைச் சந்தித்து வாசித்தது. அடுத்த ஆண்டு அதே குழு வெளியிட்ட 'டேக் ஃபைவ்' ஐந்து எண்ணிக்கையில், மூன்றும் இரண்டுமாகப் போகும். விரலால் எண்ணிப் பாருங்கள்.

1923ஆம் ஆண்டுத் தட்டுகளைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். அப்போது ஒலிவாங்கி இல்லை. ஒரு பெரிய குழலின் வாய்க்கு முன்னால் நின்று வாசிப்பார்கள். சத்தத்தின் வேகமே ஊசியை அசைத்து மெழுகில் கீறும். பெரிய ட்ரம்மை ஓங்கி அடித்தால் ஊசி துள்ளிவிடும் என்று ட்ரம்ஸ்காரர் மரக்கட்டையைத் தட்டினார். இளம் ஆம்ஸ்ட்ரோங்கின் வாத்தியம் தலைவருடையதை அமுக்கிவிட்டதால் அவரை மற்றவர்களிடமிருந்து எட்டத்தில், மூலையில் நிறுத்தினார்கள். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடந்தான். இரவு முழுக்க வாசிக்கிற இசையின் மூன்று நிமிடம்.

ஆம்ஸ்ட்ரோங் மூலையில் நின்ற கதையைச் சொன்னவர், அந்தக் குழுவில் பியானோ வாசித்த லில் ஹார்டின். எங்கள் பிள்ளைகள் தெரிந்திருக்க வேண்டிய பெயர். எழுதப் படிக்கத் தெரிந்த இசைக்காரியாக அந்த ஆண்கள் குழுவுக்குள் போனவர்; ஆம்ஸ்ட்ரோங்கை மணந்தவர்; "இரண்டாம் ஆளாக இருக்காதே, வெளியே வா" என்ற கருத்தில் அவரைத் தள்ளி வெளியே கொண்டுவந்தவர். 1925 நவம்பரில் சிக்காகோவில் தொடங்கிய 'ஹொட் ஃபைவ்' பதிவுகளில் பியானோ அவருடையது. பிறகு மணமுறிவு. 1971 ஓகஸ்டில், முன்னாள் கணவருக்கான அஞ்சலி நிகழ்ச்சியில் வாசித்துக்கொண்டிருக்கும்போதே சரிந்து விழுந்து இறந்தார்.

அதற்கும் முன்னால் போக முடியுமா? கொஞ்சந்தான் போக முடியும். ஜாஸின் முதல் தட்டு 1917இல் வந்தது. வாசித்தது வெள்ளையர் குழு. ஜாஸை முதலில் ஊத ஆரம்பித்தவர் என்று நியூ ஓர்லியன்ஸ்காரர் சொல்வது படி போல்டன் என்பவரை. 1907இல் அவரை மனநோய் விடுதியில் சேர்த்தார்கள். 1931இல் அங்கேயே இறந்தார். அவர் ஊதிய ஒரு நொடிகூட இன்று நம்மிடம் இல்லை. கேட்டவர்கள் சொன்னது மட்டுந்தான். உலகமெல்லாம் கொண்டாடுகிற ஓர் இசையின் முதல் ஆளுக்கே இந்தக் கதி.

இனி நான் பேச வந்த விடயம். சென்ற கூட்டத்தின் அறிக்கையை வாசித்தேன். விழா ஊர்வலத்துக்கு முன்னால் தப்பு வைப்பதா, பாண்ட் மட்டும் போதுமா என்பது முடிவாகாமல் ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது. 'சாவுக்கு அடிக்கிறது' என்று ஓர் அபிப்பிராயம் பதிவாகியிருக்கிறது. அதை யார் சொன்னார் என்று நான் விசாரிக்கவில்லை. நம் எல்லோர் வீட்டிலும் அதைச் சொன்னவர்கள் இருக்கிறார்கள்.

ஆம், சாவுக்கு அடிக்கிறதுதான். நியூ ஓர்லியன்ஸில் ஜாஸும் அப்படித்தான் வளர்ந்தது. பித்தளை வாத்தியக் குழு பிணத்துக்கு முன்னால் மெதுவாகத் துதிப்பாடல் வாசித்துக்கொண்டு மயானம் வரை போகும். அடக்கம் முடிந்து திரும்பும்போது தாளம் துள்ளலாக மாறும், தெருவிலுள்ளவர்கள் பின்னால் ஆடிக்கொண்டு வருவார்கள். நமது தப்பும் சாவுக்கு மட்டுமா அடித்தது? விடியற்காலைக் குளிரில் பிரட்டுக்கு ஆட்களை எழுப்பியது தப்பு. திருவிழாவுக்கும், மாசியில் காமன் கூத்துக்கும் தப்பு. ஒவ்வொன்றுக்கும் அடி வேறு. என் அப்பாயி லயத்துக்குள் இருந்தபடியே சத்தத்தை வைத்து எது என்று சொல்லிவிடுவார். அப்பாயி கொழுந்து மலையில் பாடியதும், சாவு வீட்டில் கட்டிப் பாடியதும் எந்த நாடாவிலும் இல்லை. சாதியின் பெயரால் சிலரிடம் மட்டும் ஒப்படைத்து, பிறகு அதே காரணத்தால் ஒதுக்கிவைத்த வாத்தியம் இது. அவர்களுடைய பிள்ளைகளும் இந்தக் கல்லூரியில்தான் படித்தார்கள். இந்தச் சங்கத்தில்தான் உறுப்பினராக இருக்கிறார்கள். பாண்ட் வரட்டும், எனக்கும் பிடிக்கும். தப்பு முன்னால் போகட்டும் என்று இன்றைக்கு முறைப்படி பிரேரிக்கிறேன். யாராவது ஒருவர் ஆமோதிக்க வேண்டும்.

இன்னும் இரண்டு சின்ன விடயங்கள். நான் கொண்டுவந்த பன்னிரண்டு இறுவட்டுகளையும் கல்லூரி நூலகத்தில் ஒப்படைத்திருக்கிறேன். அலிஸ் கோல்ட்ரேனில் தொடங்கி கிங் ஒலிவர் வரை, சொந்தம் விசாரிக்கிற வரிசையிலேயே எண் போட்டிருக்கிறது. அடுத்தது, ஊர்வலத்தன்று கைத்தொலைபேசியில் படம் பிடிக்கிற பிள்ளைகளுக்கு. தப்பைத் தீயில் காய்ச்சி எடுக்கிற நேரத்திலிருந்தே பதிவைத் தொடங்குங்கள். முதலாவது தப்பிலிருந்து பதினைந்து அடியாவது தள்ளி நில்லுங்கள். கிட்டே நின்றால் கரகரப்புத்தான் பதியும். நடுவில் யாரும் பேச வேண்டாம். முடிந்ததும் அடித்தவர்களின் பெயர், தோட்டம், டிவிஷன், எந்த அடியை யாரிடம் பழகினார்கள் என்பதைக் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். நூலகத்தில் அந்த இறுவட்டுகளுக்குக் கொடுத்த அலுமாரியில் மேல் தட்டு இன்னும் காலியாக இருக்கிறது. நூலகப் பொறுப்பாசிரியையிடம் சொல்லியிருக்கிறேன்.